கரைக்கு வரும் மணல்

தியானப் பகுதி: ஆதியாகமம் 26:6-11, உபாகமம் 24:5, மாற்கு 6:30-46

கிறிஸ்துவுக்குள் எனக்கு அருமையான சபையாரே,

இவ்வாரத் தியானத்தை ஓர் அறிக்கையோடு தொடங்குகிறேன். சபை அறிவிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். இது பாவ அறிக்கை.

சனிக்கிழமை மாலைகளில் ஐந்து மணி முதல் எட்டு மணி வரை போதகர் இல்லத்தின் முன்னறையில் நான் சபையாரைச் சந்திப்பதை நீங்கள் அறிவீர்கள். தாழ்வாரத்தில் கிடக்கும் நீண்ட பெஞ்சில் உங்களில் பலர் அமர்ந்து காத்திருந்திருக்கிறீர்கள். மகனின் கல்லூரிக் கட்டணம், பாகப்பிரிவினை, ஞானஸ்நானச் சான்றிதழ், குடியை விடமுடியாத கணவர், மகளுக்கு வந்திருக்கும் வரன் என்று ஒவ்வொருவரும் ஒரு பாரத்தைச் சுமந்து வருகிறீர்கள். ஒவ்வொருவருக்கும் செவிகொடுத்து, ஜெபித்து அனுப்புகிறேன். இதையே என் ஊழியத்தின் மகுடமாக எண்ணியிருந்தேன்.

கடந்த மார்கழியின் கடைசிச் சனிக்கிழமை. மணி எட்டைத் தாண்டியிருந்தது. முன்பு வந்தவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, "அடுத்தவர் வரலாம்" என்றேன். எதிரே நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. தலை நிமிராமலே, "சொல்லுங்கம்மா, என்ன காரியம்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அமர்ந்திருந்தவர் என் மனைவி.

விளையாட்டு என்று எண்ணிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணுங்க. வீட்டுக்குள்ள நேரமே அமையல. அதான் வரிசையில வந்து உட்கார்ந்தேன்" என்றார்.

அவருடைய மார்பில் ஒரு கட்டி இருந்தது. பக்கத்து வீட்டு அம்மையாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் மருத்துவரைப் பார்த்திருக்கிறார். ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். சதையில் சிறிது எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கட்டியை முதன்முதலில் அவர் உணர்ந்த நாளிலிருந்து அந்தச் சனிக்கிழமை வரை 19 நாள்கள் கடந்திருந்தன. அந்த 19 நாள்களும் நாங்கள் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தோம்.

அந்நாள்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நாள்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் கீத பவனியில் தெருத்தெருவாக உங்கள் வீடுகளுக்கு வந்திருக்கிறேன். பண்டிகை ஆராதனை நடத்தியிருக்கிறேன். 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் புத்தாண்டு வாக்குத்தத்தம் வழங்கியிருக்கிறேன். இரண்டு திருமணங்களில் செய்தி கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் புருஷன் தன் மனைவிக்குச் செவிகொடுக்க வேண்டியதைப் பற்றியே பேசியிருக்கிறேன். கீத பவனி முடிந்து வந்த நாற்பது பேருக்கு நள்ளிரவில் சுக்குக் காபி கலந்து கொடுத்தவர் அவர். அப்போதும் அந்தப் பாரம் அவரிடம் இருந்தது. நான் காணவில்லை.

அடுத்த புதன்கிழமை பரிசோதனையின் முடிவு வந்தது. பயப்படத்தக்கது ஒன்றுமில்லை என்று மருத்துவர் கூறினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் பிரியமானவர்களே, கட்டி தீங்கற்றதாக இருந்தது என்பதற்காக, அந்த 19 நாள்களும் தீங்கற்றவை ஆகிவிடுமா?

முடிவு வந்த அன்று இரவு நான் கேட்டேன்: "எங்காவது ஒரு நாள் போய் வரலாமா? எங்கே போகலாம், நீயே சொல்." அவர் சிறிதும் யோசிக்காமல், "கடலுக்கு" என்றார்.

வில்லியனூர்ப் பக்கத்தில் வாழும் நமக்குக் கடல் தூரமன்று. ஸ்கூட்டரில் போனால் ஒரு மணி நேரத்திற்குள் அலையைத் தொடலாம். சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் இளந்தம்பதியர் வார இறுதி தோறும் நம் கடற்கரைகளைத் தேடி வருகிறார்கள். அவர்களுடைய கார்கள் நம் ஊர்களைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நாமோ ஏரி, வயல், ஆறு என்று உள்நாட்டு மக்களாகவே இருந்துவிட்டோம். நானும் என் மனைவியும் மட்டுமே கடற்கரைக்குச் சென்றது திருமணமான முதல் ஆண்டில். அதன்பின் 24 ஆண்டுகள் ஓடிவிட்டன. இடையில் கடலைப் பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளோடு போயிருக்கிறோம். வாலிபர் முகாமிற்குப் போயிருக்கிறோம். அப்போதெல்லாம் அவர் சோற்றுப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தார். நான் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தை பிறந்து வந்த திங்கட்கிழமை காலையில் புறப்பட்டோம். சங்கராபரணி ஆற்றைக் கடந்து, கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர்ச் சாலையில் சென்றோம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வது வீண்புகழ்ச்சியன்று. சாலையின் இருபுறமும் சம்பா முற்றித் தலைசாய்ந்து நின்றது. சில வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாக நம் பகுதியில் பெரிய ஏரியாகிய பாகூர் ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று வீசியது. பின்னால் அமர்ந்திருந்தவர் ஏதோ சொன்னார், காற்றில் கேட்கவில்லை. "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, நெல்லு வாசனை வருதுன்னு சொன்னேன்" என்றார். வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். ஆம், நெல்லின் வாசனை வந்துகொண்டுதான் இருந்தது.

கன்னியக்கோயிலில் கடலூர்ச் சாலையைக் கடந்து, மணப்பட்டு வழியாகக் கடற்கரையை அடைந்தோம். நரம்பை, பனித்திட்டு, புதுக்குப்பம், மூர்த்திக்குப்பம் என்று பாகூர்க் கொம்யூனின் கரையோரம் முழுவதும் மீனவக் கிராமங்கள் உள்ளன. அவற்றிற்கு இடையிடையே சவுக்குத் தோப்பும் தென்னையும் மணலுமாக அமைதியான இடங்களும் உண்டு. திங்கட்கிழமையாதலால் கூட்டமில்லை. சவுக்கு நிழலில் போர்வையை விரித்து அமர்ந்தோம்.

இனி நான் எழுதுவதை வாசித்து நீங்கள் நகைக்கலாம். எங்களுக்குப் பேச்சு வரவில்லை. ஞாயிறுதோறும் 45 நிமிடம் தடையின்றிப் பிரசங்கிக்கிற எனக்கு, என் மனைவியோடு தனித்து அமர்ந்தபோது முதல் அரைமணி நேரம் ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. பிறகு பேசத் தொடங்கினேன். எதைப் பற்றி என்றால், சபை மண்டபத்துக் கூரைச் செலவைப் பற்றி! அவர் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது கைப்பேசி ஒலித்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் முகத்தைக் கடலின் பக்கம் திருப்பிக்கொண்டார். எத்தனை ஆயிரம் முறை அந்த முகம் அப்படித் திரும்பியிருக்கும் என்று அந்த நொடியில்தான் விளங்கிற்று. கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்தேன். கை சற்றே நடுங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா?

சிறிது நேரம் கழித்து அவர் பேசலானார். அந்த 19 நாள்களைப் பற்றிப் பேசினார். "சாகிறதுக்குப் பயப்படலங்க. நான் போயிட்டா உங்க பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில இருக்குன்னுகூட உங்களுக்குத் தெரியாதே, அதை நினைச்சுத்தான் தூக்கம் வரல" என்றார். நான் தலைகவிழ்ந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனக்கு வியாதி வந்த நாளில் என் மருந்தை நினைத்துக்கொண்டு விழித்திருந்திருக்கிறார் அவர். நானோ அடுத்த அறையில் பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உண்டு முடித்து, அலையோரமாக நடந்தோம். பைபர் படகொன்றின் நிழலில் முதிய மீனவத் தம்பதியர் இருவர் வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தனர். "எந்த ஊரு?" என்று அந்த அம்மையார் கேட்டார். சொன்னோம். "ரெண்டு பேரும் சும்மாவா வந்தீங்க?" என்றார். "சும்மாத்தான் வந்தோம்" என்றார் என் மனைவி. "சும்மா வர்றதும் நல்லதுதான்" என்று அவர் சிரித்தார். இருவரும் வலைக்கு இருபுறம் அமர்ந்து, வேலையை நிறுத்தாமலே ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓய்வு என்று அவர்களுக்குத் தனியே ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் எங்களிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருந்தது.

கரை முன்பு இவ்வளவு அகலமாக இருந்ததா என்று நான் அந்தப் பெரியவரிடம் விசாரித்தேன். "ஒரு சமயம் மணல் சேரும், ஒரு சமயம் வாங்கிடும். போட்டை மேல ஏத்தணும், கீழ இறக்கணும். அது பாட்டுக்குப் போயி வரும் ஐயா" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்ன அந்தச் சொல், நம் நகரத்துக் கடற்கரையை எனக்கு நினைவூட்டியது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் முன்பு அகன்ற மணற்பரப்பு இருந்ததை உங்களில் மூத்தவர்கள் நினைவுகூர்வீர்கள். பின்பு அது காணாமற்போயிற்று; பல ஆண்டுகள் அங்கே கருங்கற் குவியலைத்தான் பார்த்தோம். மணல் எங்கே போயிற்று?

மணற்கரை என்பது ஓரிடத்தில் அசையாமல் கிடக்கும் பொருளன்று. நம் சோழமண்டலக் கரையில் அலைகள் மணலை இடைவிடாமல் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கணக்கிட்டால், வடக்கே செல்வதே மிகுதி. எனவே ஒரு கரை கரையாக நிலைத்திருப்பது, போகும் மணலுக்கு ஈடாகப் புது மணல் நாள்தோறும் வந்து சேர்வதால்தான். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் அத்தடுப்புகளின் தென்புறத்தில் தங்கிவிட்டது. வடக்கேயுள்ள நகரக் கரைக்கு வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. கரை கரைந்தது. அலை ஊருக்குள் வராமல் தடுக்கக் கருங்கற்களைக் கொண்டுவந்து கொட்ட நேர்ந்தது.

துறைமுகம் கட்டியவர்கள் கடற்கரையை அழிக்க எண்ணிக் கட்டவில்லை. படகுகள் பத்திரமாக வந்து சேரவேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடுதான் கட்டினார்கள். இதைத்தான் நான் மிகவும் சிந்தித்தேன். என் வீட்டிலும் கரையை அரித்தது பாவமான காரியம் ஒன்றுமன்று. நான் குடிக்கவில்லை, கடிந்து பேசவில்லை, துரோகம் செய்யவில்லை. நல்லதொரு வேலைக்காக, பரிசுத்தமான வேலைக்காக, ஒரு கல் தடுப்பைக் கட்டினேன். அன்பு நின்றுபோகவில்லை, அது தடுப்பின் அப்பக்கத்தில் குவிந்துகொண்டே இருந்தது. என் மனைவியின் கரைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

திருமண நாளில் உடன்படிக்கை செய்தோமே, அது போதாதா என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 24 ஆண்டுகளுக்கு முன் கொட்டிய மணல் இன்றைய கரையைக் காப்பதில்லை. நெல் வாசனை வருகிறது என்று ஒருவர் சொல்லுவதும், "என்ன?" என்று மற்றவர் வேகத்தைக் குறைப்பதும்தான் அன்றன்று வரும் மணல். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் மணல்துகளைப் போல அற்பமாகத் தோன்றும். அவை வராமற்போன பின்புதான், நாம் நின்றுகொண்டிருந்தது அவற்றின்மேல் என்று தெரியவரும்.

வேதம் இதைக் குறித்துப் பேசுகிறதா? பேசுகிறது, நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிற இடங்களில் பேசுகிறது.

ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேசத்தில் பஞ்சம். ஈசாக்கு கேராரில் அந்நியனாய்த் தங்கியிருக்கிறான். உயிருக்குப் பயந்து ரெபெக்காளைத் தன் சகோதரி என்று சொல்லி வைத்திருக்கிறான். நெடுநாள் சென்றபின் பெலிஸ்தரின் ராஜாவாகிய அபிமெலேக்கு ஜன்னல் வழியாய்ப் பார்க்கிறான். ஈசாக்கு தன் மனைவியோடு விளையாடிக்கொண்டிருப்பதைக் காண்கிறான்; அந்தக் கணமே, இவள் இவனுடைய மனைவி என்று அறிந்துகொள்கிறான். ஈசாக்கு என்னும் பெயருக்கே நகைப்பு என்று பொருள். அங்கே விளையாடினான் என்பதற்கு எபிரெயத்தில் நிற்கும் வினைச்சொல்லும் அந்தப் பெயரின் வேரிலிருந்தே பிறந்தது. அவன் சொன்ன பொய்யை அவர்களுடைய சிரிப்பு காட்டிக்கொடுத்துவிட்டது!

இன்று உங்கள் வீட்டு ஜன்னல் வழியாய் ஒருவர் எட்டிப்பார்த்தால் என்ன நினைப்பார்? கணவனும் மனைவியும் என்று அறிந்துகொள்வாரா? அல்லது ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் பொருளாளரும் செயலாளரும் என்று நினைப்பாரா? பால் கணக்கு, பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், மருந்துச் சீட்டு, இவை தவிர வேறு பேச்சு அந்த ஜன்னலுக்கு எட்டுமா? பஞ்ச காலத்திலும் ஈசாக்கின் வீட்டில் சிரிப்பு இருந்தது. வசதி வந்தபின் சிரிக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் ஒரு நியாயப்பிரமாணம் உண்டு. புதிதாய் விவாகம்பண்ணினவன் ஓராண்டு யுத்தத்திற்குப் போகவேண்டியதில்லை; அவன்மேல் வேறு வேலையையும் சுமத்தக்கூடாது; வீட்டிலிருந்து தன் மனைவியை மகிழ்ச்சியாக்க வேண்டும். தேசத்தின் பாதுகாப்பைவிட ஒரு பெண்ணின் மகிழ்ச்சி முந்தியிருக்கும்படி கர்த்தர் ஓராண்டைக் கட்டளையாகவே ஒதுக்கினார். தங்களை ஆவிக்குரியவர்கள் என்று எண்ணி, தம்பதியர் கடற்கரைக்குப் போவதெல்லாம் உலகப்பிரகாரமான காரியம் என்று சொல்லுவோர் இவ்வசனத்தைச் சற்று நின்று வாசிக்க வேண்டுகிறேன்.

மாற்கு 6ஆம் அதிகாரத்தில், ஊழியம் முடித்துத் திரும்பிய சீஷர்களை ஆண்டவர் தனித்த இடத்திற்கு வந்து சற்றே இளைப்பாறும்படி அழைக்கிறார். சாப்பிடவும் நேரமில்லாதபடி ஜனங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். படகேறிப் போகிறார்கள்; ஆனால் அந்த இளைப்பாறுதல் வாய்த்ததா? ஜனங்கள் கால்நடையாய் ஓடி முந்திக்கொள்கிறார்கள். ஆண்டவர் எரிச்சலடையவில்லை, மனதுருகி அவர்களுக்குப் போதித்து, போஷிக்கிறார். ஆயினும் மாலையானதும் சீஷர்களைப் படகில் அனுப்பி, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, தாம் தனியே மலைக்கு ஏறுகிறார். தடைபட்ட இளைப்பாறுதலை அவர் கைவிட்டுவிடவில்லை. நம் வீட்டிலும் ஒரு திட்டம் தடைபடலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம். சபையில் ஒரு மரணம் நேரலாம். தடைபட்ட நாளை மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே ஆண்டவர் காட்டிய வழி.

நகரக் கடற்கரையின் கதை இழப்போடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2018ஆம் ஆண்டில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கரைக்கு அப்பால் நீருக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தது. அலையின் வேகம் அதில் பட்டுத் தணிந்தது. கற்களுக்கு முன்னே மணல் மீண்டும் சேர்ந்தது. மறுபடியும் பிள்ளைகள் அங்கே மணலில் விளையாடினார்கள். அத்திட்டின் பெரும்பகுதி நீருக்குள் மறைந்திருக்கிறது. உலாவப்போகிறவர்களில் எத்தனைபேர் அதை நினைக்கிறார்கள்?

குடும்பத்திற்கும் அப்படிப்பட்ட ஒரு திட்டு வேண்டும். வெளியே பகட்டாகத் தெரியவேண்டியதில்லை. பொறுப்புகளின் அலை நேரே வந்து மோதாதபடி, குறித்துவைத்த ஒரு நேரம் இருந்தால் போதும். நம் கடலுக்கே அப்படி ஒரு காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. மீன்கள் பெருகுவதற்காகக் கடலுக்கு விடுக்கப்படும் ஓய்வு அது. கடலுக்கு வேண்டியது நமக்கு வேண்டாமா?

உங்களில் சேதராப்பட்டுத் தொழிற்சாலைகளில் பணிபுரிகிற தம்பதியரை நான் அறிவேன். கணவருக்கு இரவு ஷிப்ட். மனைவிக்குப் பகல் ஷிப்ட். சாவியைக் கைமாற்றிக்கொள்ளும் வாசற்படியில் மட்டும் சந்திக்கிறீர்கள். நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாய்மார் இருக்கிறீர்கள். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. உங்களிடம் ஓய்வு விடுதியில் அறை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களுடைய அந்த ஒரு நாளைக்கு ஆன செலவு ஸ்கூட்டருக்குப் பெட்ரோலும், வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சைச் சோறும், அந்த மீனவ அம்மையாரிடம் வாங்கிய சங்கரா மீனும்தான். ஒரு முழுநாள் கிடைக்காவிட்டால் ஒரு மாலை போதும். மாலையும் கிடைக்காவிட்டால், பிள்ளைகள் உறங்கியபின் வாசற்படியில் அரைமணி நேரம் கைப்பேசியின்றி அமருங்கள். வாசற்படியும் கரைதான்.

போகிறவர்களுக்கு ஒரு தகப்பனைப்போலச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். பாகூர்க் கரைகளில் பல இடங்களில் உயிர்காப்பாளர் இல்லை. அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடத்திலேயே ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் இருக்கக்கூடும்; ஆகையால் முழங்காலளவுக்கு மேல் இறங்காதீர்கள். அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்துப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். ஜனவரி முதல் சில மாதங்கள் கடலாமைகள் நம் கரைக்கு முட்டையிட வரும். இரவில் விளக்கடித்து அவற்றை வெருட்டாதீர்கள். கொண்டுபோன பொட்டலக் காகிதத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மீனவர் வலை உலர்த்தும் இடம் அவர்களுடைய வயல்; அதை மிதிக்காதீர்கள். நம் பகுதியில் கடற்கரை என்றாலே மதுப்புட்டி என்று ஆகிவிட்டிருக்கிறதே, அந்த வழக்கத்திற்கு உங்கள் சிரிப்பே சாட்சியான மறுமொழியாக இருக்கட்டும்.

இதை வாசிக்கும் விதவைத் தாய்மாரையும், துணையை இழந்த பெரியவர்களையும் மறந்து எழுதவில்லை. கைகோத்து நடக்கவேண்டிய கை இப்போது இல்லையே என்று உங்கள் கண் கலங்கும். 2004 டிசம்பர் 26ஆம் தேதிக்குப் பிறகு கடல் என்ற சொல்லையே கேட்க விரும்பாதவர்களும் நம் நடுவே உண்டு. உங்களை நான் கடற்கரைக்கு அழைக்கமாட்டேன். ஆனால் ஒரு வேண்டுகோள். இளந்தம்பதியர் உங்களிடம் வந்து அமரும்போது, உங்கள் துணையோடு சிரித்த ஒரு நாளைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்த மணல் உங்களிடத்தில் இருக்கிறது; அது வடக்கே போகட்டும்.

அன்று மாலை திரும்புமுன் அலையில் கால் நனைத்து நின்றோம். எதிர்பாராமல் ஒரு பெரிய அலை வந்து என் வேட்டியை இடுப்புவரை நனைத்துவிட்டது. என் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எண்ணிப் பார்க்க முயன்றேன், எண்ண முடியவில்லை. வீட்டிற்கு வந்ததும் முதல் வேலையாக, "என் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது?" என்று கேட்டேன். சமையலறை அலமாரியில் இரண்டாம் தட்டு, நீல மூடி போட்ட டப்பா. அவருடைய மருந்துச் சீட்டும் அதே டப்பாவில்தான் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இப்போது இரண்டும் எனக்குத் தெரியும்.

முடிவாக, அறிக்கையோடு தொடங்கியதை ஓர் அறிவிப்போடு முடிக்கிறேன். இனி சனிக்கிழமைச் சந்திப்பு ஏழு மணியோடு நிறைவுபெறும். திங்கட்கிழமைகளில் என் கைப்பேசி அணைந்திருக்கும். அவசரமான காரியங்களுக்கு மூப்பர்களை அழையுங்கள். உங்கள் போதகர் உங்களை நேசிப்பதில் குறைந்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். அந்தப் பெஞ்சில் என் மனைவி இனி ஒருபோதும் வரிசையில் அமரவேண்டிய நிலை வராதபடி எனக்காக ஜெபியுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது அப்படி ஒரு பெஞ்சின் கடைசியில் காத்திருக்கிறார்களா என்று இந்த வாரம் நிமிர்ந்து பாருங்கள்.

ஜெபம் செய்வோம்.

அன்புள்ள பரலோகப் பிதாவே, சமுத்திரத்திற்கு மணலை எல்லையாக வைத்தவரே, எங்கள் இல்லங்களின் கரையைக் காத்தருளும். நல்ல காரியங்களின் பெயரால் நாங்கள் கட்டிவைத்த தடுப்புகளை எங்களுக்குக் காட்டும். செவிகொடுக்கும் காதையும், வேகத்தைக் குறைக்கும் மனதையும் எங்களுக்குத் தாரும். துணையற்றோருக்கு நீரே துணையாயிரும். இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களையும் உங்கள் இல்லத்தாரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

ஆண்டவரின் பணியில்,
உங்கள் போதகர்